டிரம்மர் அவசரப்படுகிறார்

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் திருத்திவிடலாம். இருபத்தெட்டு வருடம் கழித்து மறுபடி ஒன்றுசேர்ந்த ராக் இசைக்குழுக்காரரைத் திருத்த ஆண்டவனாலும் ஆகாது.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். முடி போன இடத்தைத் தொப்பியால் மூடி, மிச்சமிருப்பதைப் பின்னால் குடுமியாக முடிந்து, முதுகுவலிக்கு டாக்டர் கொடுத்த இடுப்புப் பட்டையைப் பொத்தான் எட்டாத தோல் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு வந்து நேராகக் கதவில் முட்டிக்கொள்பவர் அவரே. "நாங்க பிரியவே இல்லைங்க, சும்மா ஒரு இடைவெளி விட்டோம்" என்பார். அந்த இடைவெளியில் எத்தனை வக்கீல்கள் வீடு கட்டினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? கிட்டார்காரர் என் அண்ணன். ஒத்திகை என் வீட்டுக் கார் ஷெட்டில். எல்லாம் என் தலையெழுத்து!

பழைய டிரம்மருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகிவிட்டதால் புதிதாக வந்தவர், பாடகரின் மாப்பிள்ளை. பல் டாக்டர். பகலெல்லாம் பல் பிடுங்கிவிட்டு சாயங்காலம் டிரம்ஸில் உட்கார்ந்தால் கடிகாரம் தோற்கும், அப்படியொரு சுத்தமான தாளம். அங்கேதான் பிடித்தது சனி.

பதினோரு ஊர்களில் கச்சேரி. முதல் ஊரில் மேடையை விட்டு மானத்தோடு இறங்கினால்தான் மற்றப் பத்தும் என்று ஏற்பாட்டாளர் கறாராகச் சொல்லிவிட்டார். மானம் இருந்ததோ ஒரே இடத்தில்: பேர்பெற்ற அந்தக் கடைசிப் பாட்டின் முடிவில், பாடகர் ஒரே மூச்சில் இழுக்கும் கத்தலில். ஒத்திகையில் அது ஒருநாள்கூட வரவில்லை. மூச்சு வாங்கியது, இருமல் வந்தது, ஒருதரம் பல்செட்டே வெளியே வந்துவிட்டது. மாப்பிள்ளைதான் பிடித்துக் கொடுத்தார்.

தப்பு மூச்சின் மேலா? சேச்சே!

"மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் அவசரப்படுறீங்க."

"இல்லீங்க மாமா, ரெக்கார்டுல இருக்கிற வேகம்தான்."

"அப்போ ரெக்கார்டைத் தப்பாப் பதிவு பண்ணிட்டானுங்க."

மாப்பிள்ளையை இதற்குமேல் சொல்ல முடியுமா? ஆகவே மகளுக்குப் போன் போட்டு, "உன் வீட்டுக்காரருக்கு நிதானமே இல்லையேம்மா" என்று புலம்பினார். "அப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கோங்கப்பா" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

வேறு ஆள் ஏது? பஞ்சாயத்துக்குப் பழைய டிரம்மரையே அழைத்து வந்தார்கள். மனுஷன் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்து, முழுப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தம்பி அடிக்கிறது சரியாத்தான் இருக்கு. நான் இதைவிட வேகமால்ல அடிப்பேன்!"

"அதனாலதான்டா உன்னை மாத்தினோம்" என்றார் என் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

முதல் ஊரும் வந்தது. மேடைக்குப் பின்னால் பாடகர் தண்ணீர் டம்ளரைப் பிடித்திருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "இன்னிக்கு அது வரலேன்னா நான் வீட்டோட கிடக்க வேண்டியதுதான்" என்று யாரிடமென்றில்லாமல் சொன்னார். இத்தனை நாள் சிரித்த எனக்கே அப்போது பாவமாகிவிட்டது. மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

கடைசிப் பாட்டு. கடிகாரத்தையே தோற்கடித்த அந்த மனிதர், யாருக்கும் தெரியாமல், அடிக்கு அடி வேகத்தைக் குறைத்தார். பாட்டு நடக்கத் தொடங்கியது, பிறகு கைத்தடி ஊன்றி நடந்தது. பாடகர் சாவகாசமாக மூச்சை இழுத்துக் கட்டி, கத்தினார் பாருங்கள், முழுசாக, கடைசிவரைக்கும்! மண்டபம் எழுந்து நின்றது. என் மானங்கெட்ட கண்ணிலும் தண்ணீர்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? ரெண்டு மாசமா நான் சொன்னது இந்த வேகம்தான்!"

"ஆமாங்க மாமா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

மற்றப் பத்து ஊரும் உறுதியாயிற்று. சரி, மேடையில் இருந்த நாலு பேருக்குத்தான் இந்த வியாதி என்று நினைத்து வெளியே வந்தால், முழங்காலைத் தடவியபடி படியிறங்கிய ரசிகர் ஒருவர் மனைவியிடம் சொல்கிறார்: "அந்தக் காலத்துல கொஞ்சம் ஓட்டமாப் பாடுவாங்க. இப்பத்தான் சரியான வேகத்துக்கு வந்திருக்காங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் எழுத்தை ரொம்பப் பொடியா அச்சடிக்கிறானுங்க" என்று இன்று காலையில் திட்டியது யார்?