மினி பஸ் டிரைவருக்கு ஒரு ஞாபகப் பரீட்சை

"இன்னைக்கு என்ன கிழமை?"

டாக்டர் கேட்டதும் வீரமுத்து திருதிருவென்று விழித்தார். வெள்ளிமலையிலிருந்து மினி பஸ்ஸை இறக்கி வரும்போது வளைவில் ஒரு பள்ளம்; தலை மேல்கம்பியில் டணாரென்று இடித்துவிட்டது. ரத்தமில்லை, புடைப்புதான். கள்ளக்குறிச்சி வந்ததும் முதலாளிதான் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

"பஸ்ல கூட்டத்தப் பாத்தாத்தான் சார் கிழம தெரியும்."

"கல்யாணம் எப்போ ஆச்சு?"

"அன்னிக்கு நல்ல மழ சார்."

"பொண்ணு எத்தனாவது படிக்கிறா?"

"நல்லாத்தான் சார் படிக்கிறா."

டாக்டர் சீட்டை எடுத்தார். "ஞாபகம் தடுமாறுது. தலையை ஸ்கேன் எடுக்கணும். ரெண்டு நாள் இங்கேயே இருங்க."

வீரமுத்துவுக்கு இப்போதுதான் நிஜமாகவே தலை சுற்றியது. ரெண்டு நாள் படுத்தால் ஸ்டியரிங்கைக் கிளீனர் சடையன் பிடித்துக்கொள்வான். அதற்காகவே முதலாளி வீட்டு நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவன்.

"பதட்டத்துல ஒளறிட்டேன் சார். இன்னொரு வாட்டி கேளுங்க."

"உங்க சம்சாரம் வரட்டும். அவங்களை வெச்சுக்கிட்டே கேக்கறேன்."

மனைவி கமலா தியாகதுருகத்தில் பஸ் ஏறிவிட்டிருந்தாள். வீரமுத்து வராண்டாவுக்கு ஓடி மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, நீ இன்னா கிளாஸு?"

"எட்டாவதுப்பா. இன்னாப்பா ஆச்சு உனுக்கு?"

"எங்க கல்யாணம் எப்போ?"

மகள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

வீரமுத்து குறுக்கும் நெடுக்கும் நடந்து மனப்பாடம் செய்தார். "எட்டாவது... ஆவணி பன்னெண்டு... தை எட்டு..."

நர்ஸ் பெரியநாயகி பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். "சார், அவரு தனியாப் பேசிக்கினு கீறாரு!"

டாக்டர் ஸ்கேன் சீட்டில் 'அவசரம்' என்று எழுதினார்.

அந்த நேரம் கமலா மூச்சிரைக்க வந்து நின்றாள். கேள்வி வரும்வரை வீரமுத்து காத்திருக்கவில்லை.

"புதன்கிழம சார்! கல்யாணம் ஆவணி பன்னெண்டு. பொண்ணு எட்டாவது, பி பிரிவு. இவ பொறந்தது தை எட்டு. பச்சப் பொடவைன்னா உசுரு. மாமியாருக்குப் போன மாசம் கண்ணு ஆபரேசன். எடது கண்ணு!"

கமலாவின் கண்கள் கலங்கின. சந்தோஷம்தான் என்று வீரமுத்து நினைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரிதானாம்மா?" என்றார் டாக்டர்.

"சரிதாங்க."

டாக்டர் சிரித்தபடி சீட்டைக் கிழித்தார். "ஞாபகம் பளிச்சுனு இருக்கு. ஸ்கேன் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்."

கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதறினாள்: "ஐயோ, அந்தச் சீட்ட ஒட்டுங்க சார்! பதினஞ்சு வருசமா இதுல ஒண்ணுகூட இவருக்குத் தெரியாது... அடி மூளைக்கே போயிடுச்சு சார்!"