அண்ணன் இறந்திருந்த முக்கால் மணி நேரம்

ட்ரெபினியே,
ஜூலை 9

கிராட்ஸ் நகரில் வாழும் என் ஒரே அக்கா மிலோய்காவுக்கு, கடைசித் தம்பி ஓப்ரென் உன் இரு கைகளையும் முத்தமிட்டு எழுதிக்கொள்வது. உன் உடம்புக்கும் செப்டம்பரில் நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சைக்கும் புனித நிக்கோலா துணையிருக்கட்டும். இங்கே மழை இல்லை, திராட்சை பரவாயில்லை, எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் எல்லோரும். அந்த ஓர் ஆளும் நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்டில் நீ வரும்போது ஸ்பாசோயே அண்ணனும் நானும் உன்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் கத்திக்குக் கீழே படுப்பேன் என்று உன் மகள் ராதோய்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். பத்தொன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கிழவர்களை உட்கார வைப்பது அவ்வளவு சுலபமா? அவளும் உன் மருமகன் வால்டரும் பேத்திகள் இருவரும் ஐந்து சைக்கிளோடு வந்து இறங்கினார்கள். "மாமா, பழைய ரயில் பாதையில சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம். மேடே கிடையாது, குழந்தைங்ககூட ஓட்டலாம்" என்றாள். அந்தப் பாதையில் மேடு இல்லை என்பதை எனக்கு அவள் சொல்ல வேண்டுமா? எழுபத்தாறில் தண்டவாளத்தைக் கழற்றும்வரை அதன் ஒவ்வோர் ஆணியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தவன் நான். பதினெட்டாவது கிலோமீட்டரில் யார் வீடு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கிளம்பினேன். அதை அவளிடம் சொல்லிக் கொள்ளவில்லை.

தலையில் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். முதல் பத்து கிலோமீட்டர் குறையில்லை. பிறகு சுரங்கம் வந்தது. சுரங்கத்துக்குள் நுழையும் முன் நிற்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும், மூன்று முறை விசில் ஊத வேண்டும். இது விதி. ரயில் இல்லையென்றால் விதியும் இல்லையா? நான் நின்று, விசில் இல்லாததால் வாயாலேயே மூன்று முறை ஊளையிட்டேன். பேத்திகள் இரண்டும் சந்தோஷமாகச் சேர்ந்து ஊளையிட்டன. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு வெளிநாட்டுக் குடும்பம், உள்ளே ஓநாய் என்று நினைத்ததோ என்னவோ, தலைதெறிக்க வெளியே பாய்ந்து என்மேலேயே வந்து விழுந்தது. என் கண்ணாடி தெறித்துப் போய்க் கீழே கிடந்ததும், அதைத் தேடிக்கொடுக்க வந்த உன் மருமகன் அதன் மேலேயே சைக்கிளை உருட்டியதும், அதன் பிறகு அவன் தன் பாஷையில் ஏழு முறை மன்னிப்புக் கேட்டதும் ஒரே நிமிஷத்தில் நடந்தன. நல்ல பையன்தான் அக்கா, ஆனால் பார்த்து நடக்கத் தெரியவில்லை.

அப்படியாகக் கண் தெரியாமலே பதினெட்டாவது கிலோமீட்டருக்கு வந்தேன். பாதையை ஒட்டியே கல்லறைத் தோட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்தானா அண்ணியைப் புதைத்தபோது நான் வந்து வாசல் கதவோரமாகவே நின்றுவிட்டுப் போனவன். கல் வைத்த பிறகு பார்த்ததில்லை. வந்ததே வந்தோம், அண்ணிக்கு ஒரு சொட்டு ஊற்றிவிட்டுப் போவோம் என்று சட்டைப்பையிலிருந்த ராக்கியாச் சாராயக் குப்பியோடு உள்ளே போனேன். கறுப்புக் கல்லில் முட்டை வடிவத்தில் இரண்டு படங்கள். ஒன்று அண்ணி. கிட்டே போய் மூக்கு கல்லில் படும்படி பார்த்தேன். மற்றது அவன். அதே மீசை, அதே முறைப்பு.

அக்கா, அவனேதான். செத்துப் போயிருக்கிறான், எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் பேசாதவனுக்கு யார் சொல்வார்கள்? ராதோய்கா ஓடி வந்து படத்தைப் பார்த்தாள், அவளும் "ஐயோ பெரிய மாமா" என்று அழ ஆரம்பித்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்குப் பொடி எழுத்து தெரியாது, கிராட்ஸில் படித்த அவளுக்கு நம் எழுத்தே தெரியாது, அழுகையில் வருஷ எண்ணைப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க அங்கே ஆளில்லை. நான் குப்பியில் பாதியை அவனுக்கு ஊற்றினேன், பாதியை நான் குடித்தேன், கல்லைக் கட்டிக்கொண்டு உரக்கச் சொன்னேன்: "தப்பு என்னோடதுதான்டா அண்ணா. நான்தான் வந்திருக்கணும். வீம்பு பிடிச்ச கழுதை நான்." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். உன்னிடம் என்ன சொல்வேன், எப்படி எழுதுவேன் என்று அந்தக் கல்லிடமே கேட்டு அழுதேன். அதை மறைக்கவில்லை.

யார் புதைத்தார்கள், கடைசியில் ஏதாவது சொன்னானா என்றாவது கேட்க வேண்டும் என்று மேட்டிலிருக்கும் அவன் வீட்டுக்கு நடந்தோம். கறுப்புச் சட்டையில்லை. முட்டிவரை கால்சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாகத் துக்கம் விசாரிக்கப் போனவன் நம் வம்சத்தில் நான் ஒருவன்தான். முற்றத்தில் ஒருவன் திராட்சைக் கொடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். முழுசாகத் திரும்பாமல் ஓரக்கண்ணால் பார்த்து, "யார்ரா அது, மஞ்ச மண்டை?" என்றான்.

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? நான் சொன்ன முதல் வார்த்தை, "நீ சாகலையா?"

"உன்கிட்ட அனுமதி வாங்கிட்டுச் சாகலாம்னு இருந்தேன்" என்றான்.

"கல்லுல உன் படம் இருக்கேடா!"

"பொண்டாட்டி கல்லுல புருஷன் படம் இல்லாம உன் படமா இருக்கும்? செத்த வருஷம் போட்டிருக்கா பார்த்தியா? கோடு மட்டும்தானே இருக்கு?"

உயிரோடு இருக்கும்போதே பெயரும் படமும் பிறந்த வருஷமும் செதுக்கி, கடைசி வருஷத்துக்கு இடம் விட்டுவைப்பது ஊரே செய்வதுதான். எனக்குத் தெரியாதா? ஆனால் கண்ணாடி இல்லாதவனுக்கு இருக்கிற வருஷமும் இல்லாத வருஷமும் ஒன்றுதான். முக்கால் மணி நேரம் அவனுக்காக அழுதிருக்கிறேன். வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

எதிரியாக இருந்தாலும் வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் அனுப்ப முடியாதே, கொடுத்தான். குடித்தோம். பிறகு அவனே, "பத்தொன்பது வருஷமா நிக்கோலா நாளைக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். ஒரு தடவை வந்தியா?" என்றான். "அதே நாள்தானேடா என் வீட்டுலயும்! நான் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன், நீ வந்தியா?" என்றேன். அப்பா போனதும் நான் ட்ரெபினியேவுக்கு வந்து தனியாக மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து இதே கதைதான். நம் குலத்தைக் காக்கும் புனிதரின் நாளில் யாரையும் கூப்பிடவும் கூடாது, தானாக வர வேண்டும்; வருகிறவர்களை விட்டுவிட்டு வீட்டுக்காரன் வெளியே போகவும் கூடாது. "அப்ப மறுநாள் போயிருக்கலாமே?" என்று வால்டர் கேட்டதை ராதோய்கா மொழிபெயர்த்தாள். அண்ணனும் நானும் பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரே குரலில் அவனை "சும்மா இருப்பா" என்று அதட்டினோம்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் மகள் சும்மா இருக்காமல், மாமா கல்லறையில் அழுததையும் தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டதையும் சொல்லிவிட்டாள். அவன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். "இன்னொரு தடவை சொல்லு. உயிரோட இருக்கிறவன் காதுலயும் விழட்டும்."

"அது செத்தவனுக்குச் சொன்னது. உனக்கில்லை" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே அக்கா, மேஜை வேண்டாம், நாற்காலி வேண்டாம். நீ வா, என் வீட்டில் தங்கு, அவனைத் தனியாகப் போய்ப் பார். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன். உன்னை வருத்தப்பட வைத்ததற்கு மன்னித்துக்கொள். கடவுள் உனக்கு என் வயசையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அங்கே திரும்பிவிட்ட வால்டருக்கு என் விசாரிப்பு. கண்ணாடியைப் பற்றி அவன் இனிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி
ஓப்ரென்

பின்குறிப்பு: இதை உறையில் போடும் முன்னால் பழைய கண்ணாடி ஒன்று கிடைத்தது. அன்று குப்பியை அந்தக் கல்மேலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன், இன்று காலை எடுக்கப் போனேன். கல்லில் மூன்று பெயர்கள் இருக்கின்றன, அக்கா. ஸ்தானா, ஸ்பாசோயே, அதற்குக் கீழே ஓப்ரென். எனக்குப் படம் இல்லை, நான் பேசியிருந்தால்தானே படம் கேட்பான். கல் வைத்து மூன்று வருஷம் ஆகிறதாம். பெண்டாட்டி பிள்ளை இல்லாத நான் எங்கே கிடப்பேன் என்று நானே யோசித்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், இந்தத் தடவை அவன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்தே அழுதேன். ஆனால் என் பிறந்த வருஷத்தை 1950 என்று செதுக்கி வைத்திருக்கிறான். நான் பிறந்தது 51-இல். ஒரு வயசு கூட்டிப் போட்டிருக்கிறான். இதைச் சும்மா விட முடியாது, இப்போதே கிளம்புகிறேன். ஒரு நாளில் தீருகிற சண்டையில்லை என்பதால் மாற்றுத்துணி எடுத்து வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் நீ நேராக அவன் வீட்டுக்கே வா. இரண்டு பேரும் அங்கேதான் இருப்போம்.