ஆப்பிள் விழாத கல்யாணம்

மாப்பிள்ளை வுகாஷின், துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்த நொடியில், ரதோமிரின் ஃபிளாஷ் யாரும் கேட்காமலே பளீரென்று வெட்டியது. குண்டு மேகத்துக்குள் போனது. கம்பத்து உச்சியில் கட்டிய ஆப்பிள் அசையவில்லை.

"ஏய் போட்டோக்காரா! சுடுறது மாப்பிள்ளையா, நீயா?" என்று கத்தினார் பெண்ணின் அப்பா ஜிவோயின். முற்றமே சிரித்தது.

ரதோமிர் கேமராவைத் தொடவேயில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தபின் அவன் தனியாக எடுக்கும் முதல் கல்யாணம். இங்கே பெயர் கெட்டால் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். ஊர் வழக்கப்படி, மாப்பிள்ளை சுட்டு ஆப்பிள் விழாமல் பெண் மாடியிலிருந்து இறங்கமாட்டாள். ஆப்பிள் விழும் படம் இல்லாத ஆல்பத்தை இந்த ஊரில் யாரும் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

வானம் மூடிக் கிடந்ததால் இரண்டு ஃபிளாஷ் வைத்திருந்தான். கேமரா மேல் ஒன்று, முக நிழலைப் போக்க. கம்பத்தடியில் ஸ்டாண்டில் இன்னொன்று, மாப்பிள்ளை மேல் பக்கவாட்டில் அடிக்க. நடுவில் ஒயர் கிடையாது. கேமராவில் செருகிய டிரிகர் இரண்டையும் சேர்த்து எரிய வைக்கும். மலிவுச் சரக்கு. சேனல் மாற்றக்கூட வழியில்லை.

"பேட்டரி பண்ற வேலை" என்று முணுமுணுத்து, ஸ்டாண்ட் ஃபிளாஷுக்குப் புது பேட்டரி போட்டான்.

வுகாஷின் மறுபடி குறி பார்த்தான். புது பேட்டரியில் ஃபிளாஷ் இன்னும் பளிச்சென்று வெட்டியது. குண்டு கோழிக்கூட்டின் ஓட்டைப் பெயர்த்தது. கோழிகள் ட்ரம்பெட் குழுவுக்குள் புகுந்தன.

"விடுங்கண்ணே, உங்க தப்பில்ல" என்றான் வுகாஷின், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"அவன் தப்பில்லாம? என் கோழி தப்பா?" என்றார் ஜிவோயின்.

ரதோமிர் ஸ்டாண்ட் ஃபிளாஷில் டிரிகரின் சிக்னலை வாங்கும் ரிசீவரைப் பிடுங்கிப் போட்டான். ஸ்டாண்ட் ஃபிளாஷை, பக்கத்தில் வேறு ஃபிளாஷ் வெட்டினால் தானும் வெட்டும்படி மாற்றினான். இனி கேமரா மேலிருக்கும் ஃபிளாஷ்தான் அதற்கு எஜமான்.

பெண்ணின் மாமா மிலுன் சட்டைப்பையிலிருந்து ஃபிளாஷ் உள்ள பழைய கேமராவை எடுத்தார். அவர் ஒன்று எடுத்தார், ஸ்டாண்ட் வெட்டியது. அவர் மச்சான் ஒன்று எடுத்தார், மறுபடி வெட்டியது. முற்றத்தில் இடி இல்லாத மின்னல்.

"மாமா, கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

"ஏன் நிறுத்தணும்? நீ எடுக்கிறதைவிட என் படம் தேவலாம்!"

வேறு வழியில்லை. ரிசீவரைத் திரும்பச் செருகி, கேமராவைத் தரையில் வைத்தான். இரண்டு கையையும் எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

"பாருங்க! நான் எதையும் தொடல!"

வுகாஷின் குறி பார்த்தான். பளீர். குண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஜிவோயின், ராக்கியா சாராயக் குப்பியை மேசையில் ஓங்கி வைத்தார். "போதும்! இந்தச் சனியன் பிடிச்ச விளக்கு முன்னால எந்த ஆம்பளையாலயும் சுட முடியாது. மாப்பிள்ளை மேல குறையில்ல. தோழன் சுடட்டும்! ஏய், நீ அந்த விளக்கைப் பிடுங்கு. உன் பேரை ஊர் ஊராச் சொல்றேன் பாரு!"

ரதோமிர் ஸ்டாண்ட் ஃபிளாஷின் பேட்டரியைக் கழற்றினான். மாப்பிள்ளைத் தோழன் ஒரே குண்டில் ஆப்பிளை வீழ்த்தினான். கேமரா ஃபிளாஷ் மட்டும் அடித்த அந்தப் படம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தட்டையாக வந்தது. ட்ரம்பெட் முழங்கியது. ரதோமிர் சாமான்களை எடுத்து வைத்தான். பழைய முதலாளியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று யோசித்தான்.

மணப்பெண் ஸ்மில்யானா தோழியோடு இறங்கி வந்தாள். மாப்பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நேரே தோழியிடம் போனான். ஸ்மில்யானா அவன் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி நிறுத்தினாள். பிறகு ரதோமிர் பக்கம் சாய்ந்து, பூங்கொத்துக்கு அடியிலிருந்து எதையோ அவன் கையில் திணித்தாள். அவனுடைய இன்னொரு டிரிகர்; அதே சேனல், அழுத்தினால் ஸ்டாண்ட் ஃபிளாஷ் வெட்டும்.

"மன்னிச்சுக்கங்கண்ணா, காலைல என் ரூம்ல விட்டுட்டுப் போன உங்க பையிலேர்ந்து எடுத்தேன், ஜன்னல்லேர்ந்து அழுத்தினது நான்தான், இவருக்கு ஆப்பிள் என்ன, கம்பமே கண்ணுக்குத் தெரியாது. அடுத்த மாசம் என் தங்கச்சி கல்யாணத்துக்கும் நீங்கதான் வரணும், அந்த மாப்பிள்ளை இவரைவிட மோசம்!"