தன்னைத்தானே காட்டிக்கொடுத்த ஐரிஷ் அண்ணை

தன்னைத்தானே காட்டிக்கொடுப்பதில் ஐரிஷ் அண்ணையை வெல்ல இந்த ரொறன்ரோவில் ஆள் பிறக்கவில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அடுத்தவன் பிழையைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தன் பிழையைத் தேடிப்பிடித்து, ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் அவர் பயிற்சியாளராக இருந்தார். இளவயதில் அயர்லாந்தில் இருந்து புறப்பட்டு, நாடு நாடாகப் போட்டிகளில் ஆடியவர். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வாயில் நுழைய மறுத்ததால் எங்கள் கூட்டாளி குணம் முதல்நாளே ‘ஐரிஷ் அண்ணை’ என்று கூப்பிட்டுவிட்டான். அவருக்கும் அது பிடித்துவிட்டது. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது எங்கள் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் எட்டுப்பேர். ஒருகாலத்தில் ஸ்காபரோவில் கிறிக்கெற் ஆடியவர்கள். முழங்கால்கள் ஒவ்வொன்றாகக் கைவிட, கோல்ஃபுக்கு வந்து சேர்ந்தோம். கால்தான் வந்ததே தவிர, வாய் கிறிக்கெற்றிலேயே நின்றுவிட்டது. குணம் பஸ் ஓட்டுபவன், பழைய விக்கெற் கீப்பர். யார் பந்தடிக்கக் குனிந்தாலும் பின்னால் நின்று “விடாதை, விடாதை” என்று கத்தினால்தான் அவனுக்குச் சாப்பாடு செமிக்கும்.

அண்ணையின் அறைச் சுவரில் ஒரு கோப்பைகூட இல்லை. அடிகளை எழுதும் பழைய அட்டை ஒன்றுக்குத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கோல்ஃபில் குறைவாக அடித்தவனே வென்றவன். ஒரு போட்டியின் கடைசிக் குழியில், அவருடைய பந்து அவர் கைபட்டு மயிரிழை அசைந்துவிட்டதாம். தானே போய்ச் சொல்லி, ஓர் அடி கூட்டி எழுதி, அந்த ஓர் அடியால் தோற்றுப்போனாராம்.

“ஆராவது பாத்தவையோ?” என்று குணம் கேட்டான்.

“இல்லை.”

“பிறகேன் அண்ணை சொன்னனீங்கள்?”

“நான் பாத்தனான் தானே.”

குணத்துக்கு அன்று முழுக்க இது பிடிபடவே இல்லை. மட்டையில் பட்ட சத்தம் ஸ்ரீல்ஸ் வீதி வரைக்கும் கேட்டாலும், அம்பயர் விரல் தூக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பரம்பரை நாங்கள்.

விளையாட்டோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் நான் பயிற்சி முடிந்து காரை எடுக்க, பின்னால் ஓடிவந்தார். பயிற்சிக்கு இடையில் ஐந்து நிமிடம் தன் மனம் வேறெங்கோ போய்விட்டதாம். அந்த ஐந்து நிமிடத்தையும், காருக்குள் இருந்த என் முழங்கையைப் பிடித்து ஆட்டி ஆட்டிச் சொல்லித்தந்துவிட்டுத்தான் போனார். இன்னொருநாள் என் மனைவிக்கே போன் எடுத்தார்.

“உங்கட மனுசன் இன்னும் திருந்தேல்லை. பிழை என்ரைதான்” என்றாராம்.

“நல்லகாலம் சொன்னீங்கள். இருவத்தேழு வருசமா நான் என்ரை பிழையெண்டெல்லே நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்று அவள் போனை வைத்தாள்.

இப்படி இருக்கையில் எங்கள் சத்தம் தாங்காமல் மற்ற ஆட்டக்காரர்கள் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். முகாமையாளர் கூப்பிட்டுச் சொன்னார்: வருகிற சனிக்கிழமை ஒரேயொரு கூச்சல் கேட்டாலும், சனிக்கிழமை நேரம் இனி எங்களுக்கு இல்லை. ஒருவன் ஒஷாவாவில், ஒருவன் மில்லிக்கனில், ஆளுக்கொரு வேலைநேரம். அந்தச் சனிக்கிழமையும் போனால் நாங்கள் எட்டுப்பேரும் இனிச் செத்தவீட்டில்தான் சந்திப்போம்.

அண்ணை பொறுப்பு நின்றார். “நானும் கூட நடந்து வாறன். ஒருத்தரும் வாய் திறக்கப்படாது.”

அன்று குணம் வாய் நிறையக் கற்கண்டு அடைத்துக்கொண்டு வந்தான். பதினேழு குழிகள் நாங்கள் மூச்சுவிட்டது மட்டும்தான் சத்தம். ஒரு வாத்து குணத்தின் பின்பக்கத்தைக் கவ்வி இழுத்தபோதும் அவன் கண்ணீர் விட்டானே தவிர வாயைத் திறக்கவில்லை.

பதினெட்டாவது குழி. குணத்தின் பந்து முப்பதடி தள்ளிக் கிடந்தது. மெல்லத் தட்டினான். அது வளைந்து, ஊர்ந்து, குழியின் விளிம்பில் நின்று யோசித்து, உள்ளே விழுந்தது.

மைதானமே அதிரக் கத்தியது ஐரிஷ் அண்ணைதான். தொப்பியை எறிந்து, குணத்தைத் தூக்கி, “விடேல்லை, விடேல்லை” என்று சுழற்றினார்.

முகாமையாளர் வெளியே ஓடி வந்தார். “ஆர் கத்தினது?”

அண்ணையின் வேலை போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ, குணம் கற்கண்டைத் துப்பிவிட்டு, “நான்தான்” என்றான். கேட்ட கையோடு நானும் “நான்தான்” என்றேன். எட்டுப்பேரும் சொல்லிவிட்டோம். எங்கள் சனிக்கிழமையை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று.

“இவையள் எட்டுப்பேரும் பொய் சொல்லினம்” என்றார் அண்ணை. “கத்தினது நான். இவையள் ஒரு சத்தமும் போடேல்லை.” சொன்னதோடு நிற்காமல், முறைப்பாட்டுப் புத்தகத்தை வாங்கித் தன் கையாலேயே தன்மேல் ஒரு முறைப்பாடு எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

சனிக்கிழமை எங்களுக்கே கிடைத்தது. அவருக்கு இரண்டு சனிக்கிழமை மைதானத்துக்குள் கால்வைக்கத் தடை. அந்த இரண்டு நாளும் நாங்களும் போகவில்லை. அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்து இடியப்பமும் மீன்குழம்பும் போட்டோம். யாரும் பார்க்காதபோது மூன்றாவது மீன்துண்டை எடுத்ததாக என் மனைவியிடம் அவரே வந்து ஒப்புக்கொண்டார்.

போன மாசியில் அவர் காலமானார். நாங்கள் எட்டுப்பேரும் இன்னும் சனிக்கிழமைகளில் சந்திக்கிறோம். அவர்மேல் எனக்கு உயிர். அவர் இருக்கும்வரை அதை ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பிழை என்னுடையது.