தீர்த்தத்தின் நாக்கு

அடுத்தவர் வீட்டு மீன் தொட்டித் தண்ணீரைக் குடித்தே குடும்பம் நடத்துகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் திருத்தணியில் இருக்கிறார். வெளியூர்க்காரர்கள் எல்லாம் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவதால், அடிவாரத்தில் இப்படி ஓர் அதிசயம் இருப்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தீர்த்தம் என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் அவர் கடை. மீனும் விற்பார், வேண்டாவெறுப்பாக. தொட்டிக்குள் வளர்கிற செடிகள்தான் அவருக்கு எல்லாம். எந்த மீனோடு எந்தச் செடி ஒத்துப்போகும் என்று சொல்லும் முன் வீட்டுக்கே வந்துவிடுவார். தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்வார். கோயிலில் வாங்கிக்கொள்வது போலவேதான். பெயர் அப்படி வந்தது.

"எதுக்குங்க இந்தக் கண்றாவி?" என்று முதல் நாளே கேட்டேன்.

"செடி குடிக்கப்போற தண்ணி நைனா. நான் குடிச்சிப் பாக்காத எப்டி குடுக்கறது?" என்றார்.

அன்று அவர் வந்தது எங்கள் வீட்டுக்கு. பத்துப் பதினைந்து கப்பி மீன்கள் வைத்திருந்தோம். எந்தச் செடி வாங்கி வைத்தாலும் அழுகிக்கொண்டிருந்தது. தீர்த்தம் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணைத் திறந்தார். என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

"விபூதி போடறீங்களாம்மா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மீன் சோர்ந்து கிடக்கிறது என்று மலை விபூதியை இரண்டு மாதமாகத் தினம் ஒரு சிட்டிகை தூவி வந்திருக்கிறாள். ஒரே வீட்டில் குடியிருக்கும் எனக்கே தெரியாது. "எனுக்கும் பக்தி கீதும்மா. நெத்தில இட்டுக்கங்க. தண்ணில வாணாம், செடி தாங்காது" என்றார். அன்றிலிருந்து என் மனைவி அவர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், அதற்கெல்லாம் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

பணத்தை நீட்டியவுடன் செடியைக் கொடுக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை. தெருவில் யார் சைக்கிளை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுவரை அவர்தான் முடிவு செய்வார். நான்கு கோல்டு ஃபிஷ் வாங்கி வைத்துக்கொண்டு, தொட்டிக்குள் காடு மாதிரி செடி வேண்டும் என்றார்.

"கோல்டு ஃபிஷ் வச்சிகினு காடு கேக்கறீங்களே சார். ஆட்டுப் பட்டில கீரை வெதைக்க முடியுமா?" என்றார் தீர்த்தம். பிறகு மனமிரங்கி, மீன் வாய் வைக்கத் தயங்குகிற தடித்த இலைச்செடி அனுபியாஸ் இரண்டைக் கல்லில் நூலால் கட்டிக் கொடுத்தார். "மண்ணுல பொதைக்காதீங்க சார், கிழங்கு அழுகிடும்" என்று மூன்று முறை சொன்னார். ஹெட்மாஸ்டருக்கு அறிவுரை சொல்லித்தான் பழக்கம். நூலை அறுத்து வரிசையாக, ஸ்கேல் வைத்து நட்டார். அழுகியதும் செடி சரியில்லை என்று தெருவெல்லாம் சொன்னார்.

தொலைவில் இருப்பவர்கள் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து காட்டலாம் என்பது தீர்த்தத்தின் சலுகை. ஒருநாள் காலை நான் கடையில் இருந்தபோது திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, சின்ன பாட்டில் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தீர்த்தம் வழக்கம்போல் உள்ளங்கையில் ஊற்றினார், கண்ணை மூடினார். பாதி வழியில் கை நின்றது.

"உங்குளுது எத்தினி அடி தொட்டிண்ணே?"

"தொட்டியா? டாக்டரு சக்கரை டெஸ்ட்டு எழுதிக் குடுத்தாருப்பா."

தீர்த்தம் கையிலிருந்ததைப் பக்குவமாகப் பாட்டிலிலேயே திருப்பி ஊற்றி, மூடி, பக்கத்துக் கடையைக் காட்டினார். அதன்பின் அரை சோப்பு கரையும்வரை கை கழுவினார். "மூக்குதான் நைனா காப்பாத்திச்சி" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது.

பிறகு அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்தது. தீர்த்தமும் மூன்று வாரம் படுத்து எழுந்தார். கடையைத் திறந்தார், வழக்கம்போல் உறிஞ்சினார், செடி கொடுத்தார். கொடுத்ததெல்லாம் செத்தது.

ஹெட்மாஸ்டர் அதற்குள் கோல்டு ஃபிஷ்ஷைக் கைவிட்டுக் கப்பிக்கு மாறியிருந்தார். புதிதாக போர் போட்டிருந்தார், உப்பென்றால் அப்படி ஓர் உப்பு. தீர்த்தம் அதைக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி சார்" என்று கபோம்பா கொடுத்தார். கபோம்பா உப்பில்லாத தண்ணீரில் வாழும் செடி. ஒரே வாரத்தில் கூழாகிவிட்டது. ஹெட்மாஸ்டர் விடுவாரா? வாக்கிங் போகிற நண்பர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கெழமை என் வீட்டுக்கு வரட்டும். மூணு டம்ளர்ல தண்ணி வைக்கிறேன். எது எதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். சொல்லலன்னா கடைய மூடிட்டுப் போகட்டும்" என்று அறிவித்தார்.

இதைச் சொல்லி எச்சரிக்க நான்தான் தீர்த்தத்தை வீட்டுக்கு அழைத்தேன். மனைவி இரண்டு காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்குச் சர்க்கரை கிடையாது. அவருக்கு மூன்று ஸ்பூன். அவர் முழுக்கக் குடித்துவிட்டு, "சக்கரை கரெக்டா கீதும்மா" என்றார். நான் என் டம்ளரை வாயில் வைத்தேன். பாயசம். டம்ளர்கள் மாறியிருந்தன.

நான் அவரையே பார்த்தேன். அவர் காலி டம்ளரைப் பார்த்தார்.

"நாலு மாசமா ஒண்ணுமே தெரியல நைனா. வூட்ல இன்னா கொழம்புன்னு கலரைப் பாத்துதான் தெரிஞ்சிக்கறேன்."

"தண்ணில உப்பு எவ்வளவுன்னு சொல்ற மீட்டர் விக்குதே, வாங்கிக்கலாம் இல்ல?"

"மீட்டர் இருந்தா ஊர்ல எல்லாரும் ஒண்ணு வாங்கிக்குவாங்க. அப்புறம் நான் எதுக்கு? எனுக்கு வேற வேலை தெரியாதுங்க." இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. இவரை வைத்துப் பத்து வருஷம் சிரித்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை ஹெட்மாஸ்டர் வீட்டு ஹாலில் பரீட்சை. ஏழெட்டுப் பேர் நாற்காலியில். மூன்று டம்ளர். நான் முன்னால் போய், "சார், ஒரு சாட்சி வேணும் இல்லையா, நானும் குடிச்சிப் பார்த்துடறேன்" என்றேன். சாட்சி என்றதும் ஹெட்மாஸ்டருக்குப் பிடித்துவிட்டது. நானும் தீர்த்தமும் முன்பே பேசி வைத்திருந்தோம். போர் தண்ணீர் என்றால் நான் மூக்கைத் தொடுவேன், கேன் தண்ணீர் என்றால் காதைத் தொடுவேன். முதல் டம்ளரில் மூக்கு, இரண்டாவதில் காது. மூன்றாவது ஒரு வாரம் மாற்றாத தொட்டித் தண்ணீர். அதற்குச் சமிக்ஞையே தேவைப்படவில்லை, என் மூஞ்சியே சொல்லிவிட்டது.

தீர்த்தம் நிதானமாக உறிஞ்சி, ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு ஹெட்மாஸ்டரைப் பார்த்து, "காய்ச்சல்லேர்ந்து எழுந்து வந்த நேரம் சார், கபோம்பா குடுத்தது என் தப்பு. உங்க உப்புத் தண்ணிக்கும் கப்பிக்கும் வாலிஸ்னேரியாதான். நாடா மாதிரி வளரும், குட்டி போட்டா ஒளிஞ்சிக்க எடம்" என்று ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். தப்பை ஒருவர் ஒப்புக்கொண்டு ஹெட்மாஸ்டர் பார்த்ததில்லை. ஏதோ அவரே மன்னித்து அனுப்புகிற தோரணையில் வாசல்வரை வந்தார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் நான் தீர்த்தத்தின் நாக்கு. அவர் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, "உதவியாள்" என்று வீடு வீடாகப் போய், ஊர்த் தண்ணீரையெல்லாம் குடிக்கிறேன். நான் காதில் சொல்வேன். எந்தச் செடி என்று அவர் சொல்வார். இரண்டு முறை வயிறு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். டாக்டரிடம் காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஒருவன் எதற்காகப் பாசித் தண்ணீர் குடிக்கிறான் என்று மனைவி கேட்டாள். 

போன மாதம் கனகம்மாசத்திரத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது, ரோட்டோரக் கடையில் மசால்வடை வாங்கினோம். தீர்த்தம் ஒரு கடி கடித்தார். "ஏம்பா, நேத்து எண்ணெயா இது?" என்று கடைக்காரரைக் கேட்டார். கேட்டுவிட்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் வடையைத் தின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் வாசலில் மொபெட் ஹார்ன் அடித்தது. "போலாமா நைனா? இன்னிக்கி நாலு வூடு கீது" என்றார். நாக்கு எப்போது திரும்பியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வாரத்திலிருந்து அவர் தனியாகப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.