பேபிக்கு ஒரு கிராதித் தொட்டில்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. குழந்தைக்குத் தொட்டில் வாங்கணும்.

ஆடற தொட்டில் இல்லை. அது ஆத்துலேயே இருந்தது. பையன் கிட்டுவுக்கு ஒன்பது மாசம். அதுல படுக்கவெச்சா அவமானப்படுத்தின மாதிரி கத்துவான். எனக்கு வேண்டியது நாலு பக்கமும் மரக்கிராதி அடிச்ச தொட்டில். உள்ளே விட்டா குழந்தை உட்காரலாம், உருளலாம், நம்மைத் திட்டலாம். வெளியே மட்டும் வர முடியாது.

என் ஆம்படையா அலமேலு இந்த மாதிரி ஒண்ணை ஒரு லேடி டாக்டர் வீட்டுல பார்த்துட்டு வந்தா. அன்னிலேர்ந்து அதே பேச்சு. நான் "பாக்கலாம், பாக்கலாம்"னு தள்ளிண்டே வந்தேன். மைசூர் சர்க்கார்ல குமாஸ்தா நான். பாக்கலாம்னு சொல்றதுதான் எங்க உத்தியோகமே.

அப்புறம் கிட்டு தவழ ஆரம்பிச்சான்.

முதல்ல என் சட்டைக் காலர் பித்தானை முழுங்கினான். அது வர வேண்டிய வழியா வந்துடுத்து. அடுத்தது, கூடத்துல காபிக்குப் பத்தவெச்சிருந்த குமுட்டி அடுப்பு. கைக்கும் நெருப்புக்கும் ஒரு சாண் இருக்கறச்சே அலமேலு சமையல் உள்ளேர்ந்து பாஞ்சு வந்து தூக்கினா. நான் அப்போ எங்கே இருந்தேன்னு கேக்காதீங்கோ. அடுப்புக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்து பேப்பர் படிச்சிண்டிருந்தேன்.

அவ கத்தியிருந்தா தேவலை. கத்தலை. பெட்டியைக் கட்டினா.

"மேல்கோட்டைக்கு அப்பாகிட்டப் போறேன். கிராதி வந்தப்புறம் சொல்லியனுப்புங்கோ, வரேன்."

"கிராதி கிடைக்கலைன்னா?"

"அதே அடுப்புல நீங்களே சமைச்சுக்கோங்கோ."

சமைச்சேன். அதைச் சாப்பிடவும் செஞ்சேன். அதுக்கு மேல என்னால முடியலை. 'கிராதி தயார், வா'ன்னு சொல்லியனுப்பிட்டேன்.

தயார் இல்லை. அவ வரதுக்குள்ள தயாராயிடும்னு ஒரு தைரியம். ஞாயித்துக்கிழமை மத்தியான பஸ்ல அப்பாவோட வரேன்னு பதில் வந்தது. நான் வாங்கக் கிளம்பினது ஞாயித்துக்கிழமை காலம்பற!

முதல்ல தேவராஜ மார்க்கெட் பக்கத்துல ஒரு மரச்சாமான் கடை. கடைக்காரர் வாசல் வரைக்கும் வந்து அழைச்சிண்டு போனார். ஒரு கருங்காலித் தொட்டிலைக் காட்டினார். தந்தத்துல யானை, மயில், கொடி எல்லாம் இழைச்சிருந்தது. தொட்டுப் பாக்கவே பயமா இருந்தது.

"அரண்மனைக்கு இதே மாதிரி பண்ணிக் குடுத்தோம். உங்களுக்கு எந்த ஜமீன்?"

"குமாஸ்தா."

அவர் தொட்டில் மேல துணியைப் போட்டு மூடினார். "மூங்கில் சாமான் எல்லாம் பின்னாடி தெருவுல ஸ்வாமி"ன்னார். வாசல் வரைக்கும் வரலை.

பின்னாடி தெருவுல கூடை பின்ற அம்மா ஒருத்தி. நான் கேட்டதை நிதானமா கேட்டுண்டா. குழந்தை எவ்வளவு பெரிசுன்னு கையால அளந்து காட்டச் சொன்னா. காட்டினேன். எழுந்து போய் ஒரு கோழிக் கூடையை எடுத்துண்டு வந்தா.

"இதை மேல கவுத்துடுங்க."

"குழந்தை மேலயா?"

"மூச்சு விட ஓட்டை இருக்கே சாமி. மேல ஒரு கல்லு வெச்சா நகராது."

விலை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரு நிமிஷம் யோசிச்சேன்னுகூடச் சொல்லலாம். அலமேலு முகம் ஞாபகம் வந்தது. கூடையைக் கீழே வெச்சுட்டேன்.

அங்கே நின்ன ஒருத்தர்தான் சொன்னார்: "நஜர்பாத்ல ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் சீமைக்குத் திரும்பறார். பங்களா சாமானெல்லாம் ஏலம். இன்னிக்குத்தான். ஓடுங்கோ!"

ஓடினேன்.

நான் போறச்சே ஏலம் முக்காவாசி முடிஞ்சுடுத்து. புல்தரையில நாற்காலி, விளக்கு, ஒரு புலித்தோல். அதுக்கு நடுவுல, கடவுளே, கிராதி! நாலு பக்கமும் தேக்குக் கம்பி. அடியில கெட்டிப் பலகை. பக்கத்துல ஒரு சின்னக் கதவு, வெளியில தாழ்ப்பாள். கிட்டு மாதிரி மூணு பேரை அடைக்கலாம். அவ்வளவு பெரிசு.

ஏலக்காரர் கூவினார்: "துரைசானியம்மாவோட செல்லப் பேபி இருந்த இடம்! பேபி இதுலதான் தூங்கும், இதுலதான் விளையாடும்! யார் கேக்கறா?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். நான் ஏமாறற ஆள் இல்லை, எதையும் சோதிச்சுத்தான் வாங்குவேன். கம்பியில அங்கங்கே பல் பதிஞ்ச தழும்பு. வெள்ளைக்காரக் குழந்தைக்குப் பல்லு சீக்கிரம் முளைக்கும்போல இருக்குன்னு நினைச்சேன். பலகை இடுக்குல தங்க நிறத்துல முடி. ஆமாம், வெள்ளைக்காரக் குழந்தைக்கு முடி அப்படித்தானே இருக்கும்!

கையைத் தூக்கினேன்.

எனக்குப் போட்டியா ஒரே ஒரு ஆள். வெள்ளைச் சட்டை போட்ட பட்லர். அந்தப் பங்களாவுலேயே வேலை பார்த்தவர்னு பின்னாடி தெரிஞ்சுது. மெட்ராஸ் பக்கத்துக்காரர், பேர் சவரிமுத்து. நான் ஏத்தினா அவரும் ஏத்தினார். நான் முறைச்சேன். அவர் கெஞ்சற மாதிரி பார்த்தார். நான் இன்னும் ஏத்தினேன். பட்லர் கையைத் தொங்கப் போட்டுட்டார்.

"முடிஞ்சுது! பேபி தொட்டில் ஐயங்காருக்கு!"

என் வாழ்க்கையில நான் ஜெயிச்ச ஒரே ஏலம். மார்பு விரிஞ்சுடுத்து. பட்லர் ஓடி வந்தார்.

"சார், ஒரு வார்த்தை கேளுங்க. இது வந்து..."

"ஏலம்னா ஏலம்தான்."

"அதுக்கில்ல சார். பேபிக்கு இது இல்லாம..."

"பேபிதான் சீமைக்குப் போறதே! அங்கே வேற வாங்கிப்பா!"

"சீமைக்குப் போகல சார், பேபிய எங்கிட்டதான்..."

நான் காதுல வாங்கலை. வெள்ளைக்காரர் பெத்த குழந்தையைப் பட்லர்கிட்ட விட்டுட்டுப் போவாரான்னு யோசிச்சிருக்கணும். ஜெயிச்சவன் எங்கே யோசிக்கிறான்?

ஒத்தை மாட்டு வண்டி பேசி ஏத்தினோம். தொட்டில் வண்டியை விட அகலம். மாடு ரெண்டு அடி வெச்சதும் தொட்டில் ஒரு பக்கமா சரிஞ்சுது. கயிறு இல்லை. வண்டிக்காரர் பீடியை அணைச்சுட்டு, கன்னடத்துல ரொம்ப மரியாதையா ஒரு வழி சொன்னார்: "ஸ்வாமி, நீங்க உள்ளே ஏறி நடுவுல உட்காருங்க. கனம் இருந்தா ஆடாது."

ஏறினேன். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார்.

வண்டி தெருவுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. மைசூர் நகரத்துல, பட்டப்பகல்ல, நெத்தியில திருமண்ணோட, பஞ்சகச்சத்தோட நான் ஒரு கூண்டுக்குள்ளே போயிண்டிருக்கேன்.

பசங்க கூடவே ஓடி வந்தாங்க. பூக்காரம்மா ஒருத்தி கன்னத்துல போட்டுண்டா. என்னன்னு நினைச்சாளோ, கேக்கலை. முனையில ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். என்னைப் பாக்கவேயில்லை. வண்டிக்காரரைத்தான் கேட்டார்.

"ஏன்ரீ இது, என்னது? ஜூவுக்கா?"

"இல்ல, அக்ரஹாரத்துக்கு."

போலீஸ்காரர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "கடிக்குமா?"

நான் கோவமா, "தொட்டில்ரீ, இது தொட்டிலு! மகுவுக்கு, குழந்தைக்கு!"ன்னேன். பேசவும் செய்யும்னு அவர் ரெண்டு அடி பின்னாடி போனார்.

இதுக்கு நடுவுல வண்டிக்குப் பின்னாடி ஒரு நாய். கன்னுக்குட்டி உசரம், உடம்பெல்லாம் பொன்னிறமா நீள முடி. நாக்கைத் தொங்கப் போட்டுண்டு என்னையே பார்த்துண்டு ஓடி வந்தது.

"நாய் உங்களுதா ஸ்வாமி?"ன்னார் வண்டிக்காரர்.

"தெருநாய்."

"தெருநாய்க்குக் கழுத்துல தோல் பட்டை எதுக்கு?"

அன்னிக்கு என்னை மரியாதையா பார்த்தது அது ஒண்ணுதான். அதைப் போய் விரட்டுவானேன்?

அக்ரஹாரத்துக்குள்ள திரும்பினோம். எங்காத்து வாசல்ல அலமேலு. இடுப்புல கிட்டு. பக்கத்துல என் மாமனார், மேல்கோட்டையில பெரிய சம்ஸ்கிருத வித்வான், கையில கமண்டலம். பஸ் சீக்கிரம் வந்துடுத்தாம்.

அலமேலு என்னைப் பார்த்தா. கூண்டைப் பார்த்தா. வெளியில போட்டிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தா.

"குழந்தைக்குன்னுதானே கேட்டேன்?"

வண்டிக்காரர் தாழ்ப்பாளை இழுத்தார். வரலை. ஆட்டினார். வரலை. எதிர் ஆத்துலேர்ந்து சுத்தியல் வந்தது, சுத்தியலோட எதிர் ஆத்துக்காராளும் வந்தா. தெருவே வந்தது. மாமனார் மட்டும் வானத்தைப் பார்த்துண்டு ஏதோ ஸ்லோகம் சொன்னார்.

ஒரு வழியா வெளியே வந்தேன். நாலு பேராத் தூக்கித் தொட்டிலைக் கூடத்துல இறக்கினோம். வேஷ்டியை உதறிண்டு சொன்னேன், "பாரு அலமு. தேக்கு. சீமைக் குழந்தை இருந்த தொட்டில்!"

அவ முகம் கொஞ்சம் இளகித்து. நிஜமாவே இளகித்து. கம்பியைத் தடவிப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்கு"ன்னா. கிட்டுவை உள்ளே விடக் குனிஞ்சா.

அந்த நேரம் பார்த்து ஏதோ பொன்னிறமா என் காலிடுக்குல பாஞ்சுது. நாய்! நேரா கூடம், நேரா தொட்டில் கதவு. உள்ளே போய் மூணு சுத்து சுத்தி, பெருமூச்சு விட்டு, படுத்துண்டு, கம்பியைக் கடிக்க ஆரம்பிச்சுது. பல்லும் தழும்பும் அளவெடுத்த மாதிரி பொருந்தித்து.

மாமனார்தான் முதல்ல பேசினார்.

"மாப்பிள்ளை, இந்த நாய் உங்களோடதா?"

"இல்லை. இந்தத் தொட்டில்தான் அதோடது."

அவர் கமண்டலத்தோட முற்றத்துக்கு நகர்ந்துட்டார். அலமேலுவோட பெட்டி இன்னும் வாசல்லதான் இருந்தது. அதை நான் கவனிச்சேன். அவளும் கவனிச்சா.

அதுக்குள்ள கிட்டு அவ இடுப்புலேர்ந்து நழுவிட்டான். தவழ்ந்து தொட்டில்கிட்டப் போனான். வெளிப்பக்கத்துலேர்ந்து கம்பியை ஒரு கையால பிடிச்சான். இன்னொரு கையாலயும் பிடிச்சான். பின்பக்கத்தைத் தூக்கினான். முழங்கால் நடுங்கித்து.

நின்னுட்டான்!

அது வரைக்கும் அவன் நின்னதே இல்லை. நின்னுண்டு நாயைப் பார்த்து "ப்பா!"ன்னான். பேச்சுன்னு அவன் வாயிலேர்ந்து வந்த முதல் சத்தமும் அதுதான். நாயைப் பார்த்துத்தான் சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்.

அலமேலு சிரிக்க ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. முற்றத்துல நின்ன மாமனார் மடி ஆசாரத்தை மறந்து கூடத்துக்கு ஓடி வந்து, "நிக்கறானே! என் பேரன் நிக்கறானே!"ன்னு கையைத் தட்டினார்.

வாசல்ல ஒரு குரல்: "பேபி! பேபி!"

சவரிமுத்து. மூச்சு வாங்க நின்னார். கூண்டுக்குள்ள ஒரு ஐயங்கார் போனாரான்னு கேட்டுண்டே வந்தாராம். ஊர் முழுக்க வழி காட்டித்தாம்.

"துரைசானியம்மாவுக்குப் புள்ளை இல்லைங்க. பேபிதான் புள்ளை. எங்கிட்ட விட்டுட்டுப் போறாங்க. அந்தக் கூண்டு இல்லாம அது தூங்காதுன்னுதான் சார்கிட்ட சொல்ல வந்தேன்."

"சொல்ல வந்தாரா?"ன்னா அலமேலு என்கிட்ட.

"வந்தார்."

"கேட்டேளா?"

நான் கூரையைப் பார்த்தேன். உத்தரத்துல ஒட்டடை நிறைய இருந்தது.

அலமேலு ரெண்டு பேருக்கும் காபி கலந்தா. பட்லர் ஏலத்துல கடைசியா எவ்வளவு கேட்டாரோ அதையே குடுத்துட்டுக் கூண்டை எடுத்துண்டு போகலாம்னு தீர்ப்பும் சொன்னா. அதுக்கு மேல நான் வீம்புக்கு ஏத்தினது என்னோட போகட்டுமாம். கூண்டோட பேபியும் அதே வண்டியில ஏறித்து. கிட்டு அழுத அழுகையில எதிர் ஆத்துக்காரா திரும்பவும் வந்துட்டா.

அழுகை நின்னதும் நேரா குமுட்டி அடுப்பைப் பார்த்துத் தவழ்ந்தான்.

அலமேலு அவசரப்படலை. ஆணியில மாட்டியிருந்த என் ஆபீஸ் தலைப்பாகையை எடுத்தா. சரிகை போட்டது, எட்டு கஜம். உதறிப் பிரிச்சு ஒரு முனையைக் கிட்டு இடுப்புல சுத்தி முடிஞ்சா. இன்னொரு முனையைக் கூடத்துத் தூண்ல கட்டினா. கிட்டு கூடம் முழுக்கத் தவழ்ந்தான். அடுப்புக்கு முழம் தூரத்துல டக்குன்னு நின்னான். திரும்பினான். அவனுக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம்.

"இதை முன்னாடியே பண்ணியிருக்கலாமே அலமு?"ன்னேன்.

"பண்ணியிருக்கலாம். உங்களுக்குத் தோணறதான்னு பார்த்தேன்"ன்னா.

மறுநாள் வெறுந்தலையோட ஆபீஸுக்குப் போனேன். பெரிய குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"தலைப்பாகை எங்கே ஓய்?"

"பையன் கட்டிண்டிருக்கான் சார்."

"பேஷ்! இந்த வயசுலேயே தலைப்பாகையா! பெரிய உத்தியோகத்துக்கு வருவான் பாரும்"னு முதுகுல தட்டிக் குடுத்தார்.

இடுப்புலன்னு நான் சொல்லலை.