முட்டைக்கு நிறம் சொல்பவர்கள்

வாசகரே, சிலி நாட்டில் தெமுக்கோ பக்கம் கோழி வளர்ப்பவர்களிடையே ஓர் இனம் உண்டு. முட்டை வெளியே வருமுன்பே அதன் நிறத்தைச் சொல்லிவிடுவார்கள். பெட்டையைத் தூக்கி, காதோரத் தோலைப் புரட்டி, இறகை ஊதி, கண்ணை மூடி யோசித்து, “பழுப்பு” என்று தீர்ப்பளிப்பார்கள். நீலமாக வந்தால்? கோழி ஏமாற்றிவிட்டது. அவர்கள் எங்கே தவறினார்கள்?

அயெலெனின் மாமா எலியோடோரோ இதில் சுத்த ரகம். குடும்பத்தில் முதல் பட்டதாரியான அயெலெனோ, அடுப்போரம் வைத்துத் தானே வளர்த்த சேவலைப் பழுப்பு முட்டைக் கோழிகளோடு விட்டிருந்தாள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

“சேவலா முட்டை போடுது? நிறமெல்லாம் பெட்டையோட சமாச்சாரம். அடிச்சு கசுவேலா குழம்பு வெச்சிடலாம்.”

“இதோட அம்மா நீல முட்டை போட்டது மாமா. அந்த நீலம் இதுகிட்டயும் இருக்கு. மகள்கள்ல பாதிக்காவது போகும். நீல ஓட்டு மேல பழுப்பு பூசிக்கிட்டா முட்டை பச்சையா வரும்.”

“உங்கப்பன் உனக்கு மீசையைக் கொடுத்தானா பிள்ளே?”

அவளுடைய அம்மா ஒத்திலியா வழக்கை முடித்தாள்: “பச்சை வந்தா சேவல் பிழைக்கும். வரலேன்னா ஞாயித்துக்கிழமை சட்டிதான்.”

சேவலுக்கு ஐந்து மகள்கள். முதலாவது பழுப்பு போட்டது. இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவது, நான்காவது, அதே. ஐந்தாவது இன்னும் போடவில்லை. மாமா அதன் காதைப் புரட்டி, “இதுவும் பழுப்பு” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை சேவலைக் கயிற்றில் கட்டிப்போட்டார்கள்; சட்டி அடுப்பில் ஏறியது.

“நாலு கோழியை வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா. நானூறாவது வேணும்” என்றாள் அயெலென்.

“நானூறுக்கும் தீனி நீ போடுவியா?”

தன் மோவாய் மாமாவுடையதைப் போலவே நிமிர்ந்திருப்பதை உணர்ந்து அவள் சட்டென்று இறக்கிக்கொண்டாள். படித்துவிட்டு வந்து தானும் மாமாவின் அதே தீர்ப்புக் கடையைத்தான் விரித்திருக்கிறோமோ? தன்னையே கேட்டுக்கொண்டாள்; சேவலின் கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

மதியம் கசுவேலாவில் பூசணியும் சோளமும் சேவலும் கலந்து கமகமத்தபோது, கொல்லையில் ஐந்தாவது கோழி கொக்கரித்தது. ஒத்திலியா போய் எடுத்துவந்து தட்டுகளுக்கு நடுவே வைத்தாள். பச்சை.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார்கள் மாமாவும் மருமகளும் ஒரே நேரத்தில்.

“அதைத் தட்டுல இருக்கறவன்கிட்ட சொல்லுங்க” என்றாள் ஒத்திலியா.

ஐந்தாவது பச்சைதான் என்று முன்பே கண்டுபிடித்துவிட்ட வாசகரே, நீங்களும் இந்த இனம்தான்; உங்கள் வீட்டில் சேவல் இருந்தால் தயவுசெய்து வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.